பானைமேல் வைத்த ஸ்பீக்கர்

அட்டைப்பெட்டியின் டேப்பைக் கீறியதும் வாசனைதான் முதலில் வெளியே வந்தது. அழுத்திய மரத்தூள் பலகை, பசை, புது ரப்பர் மூன்றும் கலந்த நெடி. மகள் தெர்மாகோலை உருவிக்கொண்டிருந்தாள். இவனுக்கோ மூக்கு வேறெங்கோ போய்விட்டது. மானாமதுரைக்குப் பக்கத்தில் ஓர் ஊர், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஆசாரி பட்டறை, அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிளைவுட் விளிம்புக்கு ஃபெவிகால் தடவும் பெரியப்பா மகன்.

"அப்பா, உங்களைத்தான். இதை எங்க வைக்கிறது?"

இந்தப் பெட்டியைப் பொறுத்தவரை எங்கே வைப்பது என்பதுதான் பாதி வித்தை. அதை உடனே சொன்னால் மகள் கேட்கமாட்டாள் என்று இவன் பேசாமல் இருந்தான்.

இவன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்கு மகள் தந்த பரிசு அந்த சப்வூஃபர். பத்து இன்ச் கோன், உள்ளேயே ஆம்ப்ளிஃபயர், பின்பக்கம் நாலைந்து திருகுகள். வீட்டில் ஏற்கெனவே ஒரு பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளியும், புத்தக அலமாரியில் வைக்கிற அளவில் இரண்டு ஸ்பீக்கர்களும் உண்டு. மகள் பள்ளியில் சேர்ந்த காலத்தில் தவணையில் வாங்கியது. மாலையானால் இவன் அதில் பாட்டுப் போட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் உட்காருவான். ஒருநாள் மகள் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி இவன் காதில் மாட்டிவிட்டாள். அதே பாட்டுதான். "கேட்டீங்களா? நீங்க போடுற செட்டுல இந்த பேஸே வரலைப்பா" என்றாள்.

பேஸ் வரவில்லை என்று வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. பானை வைத்த சலூனில் முடிவெட்டிக்கொண்டு வளர்ந்தவனிடம் போய்ச் சொன்னாள்.

அந்தக் காலத்தில் ஊருக்குள் சலூன் என்றால் இரண்டு மர நாற்காலி, எதிரெதிராகக் கண்ணாடி, ஒரு தினத்தந்தி, ஒரு ரேடியோ. அந்தச் சலூனில் கூடுதலாக ஒரு மண்பானையும் இருந்தது. மூலையில், பிரிமணை மேல். தண்ணீர்ப் பானை என்று நினைத்து வெளியூர்க்காரர்கள் டம்ளரைத் தேடுவார்கள். பானை வாயில் எட்டு இன்ச் ஸ்பீக்கர் ஒன்று மல்லாந்து கிடக்கும். விளிம்பில் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிப் போட்டு, அதன்மேல் ஸ்பீக்கரைப் பொருத்தி, ஒயர் போகிற துளையை மெழுகால் அடைத்திருந்தார் கடைக்கார அண்ணன். இலங்கை வானொலியில் பாட்டு வந்தால் மற்றக் கடைகளில் பாட்டு மட்டும் கேட்கும். இங்கே அதற்கு அடியில் இன்னொன்று முழங்கும். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களின் தொடையில் அது தெரியும். வெட்டவேண்டிய முடி இல்லாதவர்கள்கூட வந்து உட்கார்ந்திருந்ததற்கு தினத்தந்தி மட்டும் காரணமில்லை.

பானைக்குப் பஞ்சமில்லாத பகுதி அது. மானாமதுரை மண்ணில் செய்த கடத்துக்குக் கச்சேரி மேடைகளில் தனி மரியாதை. 2023-இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கடம் வாசிக்கிறவர் பானை வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் அடிநாதத்தை வளைப்பதைப் பார்த்திருப்போம். உள்ளே இருக்கிற காற்றுக்கென்று ஒரு சுருதி உண்டு. வாயும் வயிறும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. சலூனில் பானை செய்த முக்கியமான வேலை இன்னொன்று. ஸ்பீக்கரின் கோன் முன்னால் காற்றைத் தள்ளும்போதே பின்னால் இழுக்கிறது. வெறுமனே தொங்கவிட்ட ஸ்பீக்கரில் முன்பக்கத்து அலையும் பின்பக்கத்து அலையும் ஓரத்தில் சந்தித்து ஒன்றையொன்று தின்றுவிடும். மேல் சுருதிகளுக்கு அதனால் பெரிய நட்டமில்லை. கீழ்ச் சுருதிகள்தான் மாயமாகிவிடும். பானை அந்தப் பின்பக்கத்தை அடைத்து வைத்தது.

அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் 1954-இல் ஏஆர்-1 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தபோது செய்ததும் ஏறக்குறைய இதுதான். காற்றுப் புகாத சின்னப் பெட்டி; உள்ளே அடைபட்ட காற்றே கோனுக்கு ஸ்பிரிங். அதற்கு முன்பு நல்ல பேஸ் வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டியிருந்தது. சைக்கிள் டியூப் வளையம் போட்ட அண்ணன் வில்ச்சரைக் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. ஆனால் காற்று கசிந்தால் முழக்கம் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். மெழுகு உதிர்ந்தால் கத்தரியை வைத்துவிட்டு முதலில் அதைத்தான் பார்ப்பார்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பானை எல்லாப் பாட்டையும் ஒரே சுருதியில்தான் முழங்க வைத்தது. சோகப் பாட்டுக்கும் அதே 'தும்', குத்துப் பாட்டுக்கும் அதே 'தும்'. அன்றைக்கு யாரும் குறை சொல்லவில்லை.

குறை சொன்னது பெரியப்பா மகன் ஒருவர்தான். இவனைவிட ஆறேழு வயது மூத்தவர், மதுரையில் பாலிடெக்னிக் படித்தவர். விடுமுறைக்கு வந்தால் சலூன் பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "கிடார்க்காரன் நாலு சுரம் வாசிக்கிறான்டா. பானை ஒண்ணைத்தான் சொல்லுது" என்பார்.

அவருக்குக் கீழ்ச் சுருதியின் கணக்கு பிடிபட்டது ஊர்த் திருவிழாவில். கோயில் வாசலில் தவில் அடிக்கும்போது பத்தடி தள்ளி நின்றால் அடி நெஞ்சுக்கூட்டில் விழும். அதே மேளத்தை மைக்கில் பிடித்து, அகுஜா ஆம்ப்ளியில் ஏற்றி, வேப்பமரத்தில் கட்டிய குழாயில் விட்டால் அடுத்த ஊருக்கும் கேட்கும். ஆனால் நெஞ்சில் ஒன்றும் விழாது. குழாயின் இயல்பு அது. 50 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஒழுங்காக இறங்கவேண்டுமென்றால் குழாயின் வாய் மட்டுமே ஏழடி அகலம் வேண்டும். மரத்தில் கட்டியது ஒன்றரை அடி. குரல் கணீரென்று போய்ச் சேரும், மற்றதெல்லாம் வழியில் நின்றுவிடும். கல்யாண வீட்டில் விடியற்காலை நாலரைக்கே விநாயகர் பாட்டோடு ஊரை எழுப்பிய அந்தக் குழாய்கள் இப்போது அரிதாகிவிட்டன. 2000-இல் வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்கு அனுமதியில்லை. இன்றைய கல்யாண மண்டபத்தில் ஆளுயரப் பேஸ் பெட்டிகளை அடுக்கி வைத்து டிஜே போடுகிறார்கள். குழாய் தராததை வட்டியும் முதலுமாக வசூலித்துக் கொடுக்கிறார்கள். பந்தியில் உட்கார்ந்தால் சாம்பார் கிண்ணத்தில் வளையம் வளையமாக அலை.

ஒரு கோடையில் பெரியப்பா மகன் ரிச்சி தெருவுக்குப் போய் வந்தார். சென்னை அண்ணா சாலையை ஒட்டிய அந்தச் சந்துகளைப் பற்றி அவர் சொன்னது இவனுக்குக் கதை கேட்கிற மாதிரி இருந்தது. ரெசிஸ்டரைக் கைப்பிடி அளந்து தருவார்களாம். டிரான்ஸ்ஃபார்மரைச் சாக்கில் கொட்டி வைத்திருப்பார்களாம். வாங்கி வந்ததைப் பெரியம்மாவின் புடவை விரித்த கட்டிலில் பரப்பினார். தடித்த இரும்புத் தொப்பி போட்ட 2என்3055 டிரான்சிஸ்டர்கள், அவற்றின் சூட்டை வாங்கிக்கொள்ள விசிறி விசிறியாய் அலுமினியம், தாளில் சுற்றிய பத்து இன்ச் வூஃபர் ஒன்று. வூஃபரின் பின்னால் இருந்த மேக்னெட்டில் பெரியம்மாவின் ஊக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது.

ஆம்ப்ளி ஒரு மாதிரி தயாராகிவிட்டது. ஓரமாக எந்நேரமும் 'ம்' என்று ஒரு ஹம் இருந்தது. அதை ஒழிக்க அவர் எர்த் ஒயரை இங்கும் அங்கும் மாற்றிப் போட்டுப் பார்த்த கதை தனி. பெட்டிதான் பெரிய பாடு. ஆசாரி கதவு, ஜன்னல், கட்டில் செய்கிறவர். "உள்ள என்ன வைக்கப்போறீங்க தம்பி?" என்று கேட்டார். "காத்து" என்றார் பெரியப்பா மகன். ஆசாரி அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

காற்றுக்குப் பெட்டி செய்வதற்கு ஒழுங்கான கணக்கு உலகத்தில் அப்போது வந்துவிட்டிருந்தது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் எழுதிய கட்டுரையும், சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்து 1970-களில் வெளியிட்ட கட்டுரைகளும்தான் இன்றைக்கும் ஸ்பீக்கர் பெட்டி செய்கிறவர்களுக்கு வாய்ப்பாடு. கோன் எந்தச் சுருதியில் தானாக அதிரும், எத்தனை லிட்டர் காற்றுக்குச் சமமாக விறைப்பாக இருக்கிறது என்று இரண்டு மூன்று எண்கள் தெரிந்தால் போதும், பெட்டியின் கொள்ளளவும் துளையின் நீளமும் கிடைத்துவிடும். ரிச்சி தெரு வூஃபரின் முதுகில் அந்த எண்கள் எதுவும் இல்லை. எத்தனை ஓம், எத்தனை வாட் என்று மட்டும் அச்சிட்டிருந்தது. அதனால் பெரியப்பா மகன் 'எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ' பழைய இதழ் ஒன்றைப் பார்த்து ஏறக்குறைய ஒரு பெட்டி செய்து, அதன் முகத்தில் மூன்று இன்ச் பிவிசி பைப்பை நீளமாகச் செருகினார். பிறகு பாட்டைப் போட்டுக் கேட்பது, பைப்பை உருவி ஒரு விரற்கடை அறுப்பது, மறுபடி செருகிக் கேட்பது. நடுவில் பைப் வாயருகே மெழுகுவத்தியை ஏற்றிப் பிடிக்கச் சொல்வார். பிடிக்கிற வேலை இவனுடையது. சரியான சுருதியில் கோன் அடங்கி நிற்க, பைப்பிலிருந்து வருகிற காற்றில் சுடர் படுத்துப் படுத்து எழும். கைமேல் மெழுகு சொட்டும். ஆனால் காற்று வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை.

உள்ளே அடைக்க இலவம்பஞ்சு வேண்டுமென்று பெரியம்மாவின் தலையணை ஒன்றைப் பிரித்துவிட்டார். அது தெரியவந்தபோது வீட்டில் எழுந்த சத்தம் எந்த ஸ்பீக்கரிலும் வராதது.

அந்தப் பெட்டியில் முதலில் போட்டது 'ப்ரியா'. 1978-இல் வந்த படம். தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் திரைப்பாடல்கள் என்று பெயர் வாங்கியவை அதன் பாடல்கள். பெரியப்பா மகனின் பெட்டி ஒன்றே ஒன்று, அதனால் ஸ்டீரியோவுக்கு வழியில்லை. ஆனாலும் ஊரில் அதுவரை யாரும் கேட்டிராத ஒன்று கேட்டது. பாட்டுக்குக் கீழே இன்னொரு பாட்டு நடந்துபோனது. பெரியம்மா அடுக்களையிலிருந்து கத்தினார்: "ஏன்டா, முறுக்கு டின்னு தானா நகருதுடா!"

அதன் பிறகு மதுரையிலிருந்து கேசட் பதிந்து வாங்கி வருவது வழக்கமானது. நோட்டுத்தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி ரெக்கார்டிங் சென்டரில் கொடுக்கவேண்டும். அறுபது நிமிடக் கேசட்டா, தொண்ணூறா என்று கேட்பார்கள். கடைசிப் பாட்டு பாதியில் அறுபடாமல் இருக்க எதை முன்னே போடுவது என்று கடைக்காரரே மாற்றி அடுக்கிவிடுவார். பெரியப்பா மகன் எழுதுகிற பட்டியலில் பாடகர் பெயர் இருக்காது. பேஸ் கிடார் நன்றாக இருக்கிற பாட்டுகளாகப் பொறுக்குவார். 1981-இல் வந்த 'ராஜ பார்வை', 'பன்னீர் புஷ்பங்கள்' இரண்டும் தேயத் தேய ஓடின. இளையராஜா பேஸ் கிடாருக்குத் தாளம் தட்டுகிற வேலையை மட்டும் கொடுப்பவரில்லை. அதற்கென்று தனி மெட்டே எழுதுவார். அவருடைய எத்தனையோ பாட்டுகளில் அதை வாசித்தவர் சசிதரன். அந்தப் பெயர் அன்றைக்கு எந்தக் கேசட் அட்டையிலும் இவன் கண்ணில் பட்டதில்லை. கேட்டது மட்டும் உண்டு.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. நாலு தந்தி பேஸ் கிடாரில் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. டீக்கடை டிரான்சிஸ்டரில் இருந்த நாலு இன்ச் ஸ்பீக்கருக்கு அந்தப் பக்கம் போகவே தெரியாது. கோன் ஒரு ஸ்தாயி கீழே இறங்கி அதே சத்தத்தைத் தரவேண்டுமென்றால் நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஆடவேண்டும். சின்னக் கோனுக்கு அவ்வளவு இடமில்லை. பிறகு எப்படி ஊரே அந்தப் பேஸ் மெட்டை வாயால் முணுமுணுத்தது? தந்தி 41-இல் அதிரும்போது 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் கூடவே பிறக்கின்றன. சின்ன ஸ்பீக்கர் மேலே உள்ளவற்றை மட்டும் கொடுத்தாலும், அவற்றுக்கிடையே உள்ள இடைவெளியை வைத்து அடியில் இருக்கவேண்டிய சுரத்தை மூளை தானே போட்டு நிரப்பிக்கொள்கிறது. வராத சுரம் காதில் கேட்கும். கேட்கும், ஆனால் உடம்பில் படாது. இவன் வயதுக்காரர்கள் தங்கள் இளமைக்காலப் பாட்டுகளில் பாதியைக் கேட்டது அந்த மாதிரிதான்.

மேல்நாட்டிலும் வீட்டுக்குள் இந்த அடிப்பகுதியைக் கொண்டுவர வெகுநாள் பிடித்தது. இன்ஃபினிட்டி நிறுவனம் 1960-களின் இறுதியில் செய்த சர்வோ-ஸ்டாடிக் ஸ்பீக்கரோடு பதினெட்டு இன்ச் வூஃபர் ஒன்று தனிப் பெட்டியாக வந்தது. சாதாரண வீட்டில் வாங்கி வைக்கிற சாமானில்லை. 1974-இல் 'எர்த்க்வேக்' படத்துக்காகத் தியேட்டரில் ராட்சதப் பெட்டிகளை வைத்துத் தரையை ஆட்டினார்கள். ஹாலிவுட்டில் ஒரு புகழ்பெற்ற அரங்கில் கூரைப் பூச்சு உதிர்ந்து தலையில் விழாமலிருக்க வலை கட்டவேண்டி வந்ததாம்.

நம் பக்கம் அந்த ஆட்டம் வந்தது இருபது வருடம் கழித்து. 1992-இல் 'ரோஜா', 1994-இல் 'காதலன்' என்று ரஹ்மானின் பாட்டுகள் வந்தபோதே பேருந்துகளில் ஸ்பீக்கர் கிழிய ஆரம்பித்துவிட்டது. ரஹ்மானின் பல பாட்டுகளுக்குப் பேஸ் வாசித்த கீத் பீட்டர்ஸின் விரலைத் தனியார் பேருந்து டிரைவர்கள் பெயர் தெரியாமலே கொண்டாடினார்கள். 1995-இல் 'குருதிப்புனல்' டால்பியில் வந்தது. அடுத்த வருடம் 'கருப்பு ரோஜா' டிடிஎஸ்ஸில். அந்த மாற்றத்தில் ஒலிப்பதிவாளர் எச். ஸ்ரீதரின் பங்கு பெரிது. 2008-இல் அவர் மறைந்தபோது சினிமாக்காரர்களைவிட அசெம்பிள்ட் செட் செய்கிறவர்கள் அதிகம் வருத்தப்பட்டிருப்பார்கள் என்பது இவன் கணிப்பு. மதுரைத் தியேட்டர்களின் போஸ்டரில் கதாநாயகன் முகத்தைவிடப் பெரிதாக 'டிடிஎஸ்' என்று போட்ட காலம். படம் தொடங்குமுன் வரும் அந்த டிடிஎஸ் துணுக்குக்கே விசில் பறக்கும்.

தியேட்டரில் கேட்டதை வீட்டில் கேட்க ஆசைப்பட்டவர்களால் பெரியப்பா மகனுக்கு ஒரு கடையே ஓடியது. 4440 ஐசி போர்டு, டிடிஏ 2030 போர்டு, அஞ்சு சின்னப் பெட்டி, ஒரு பெரிய பெட்டி. ஹோம் தியேட்டர் தயார். கம்பெனி செட்டுகளோடு போட்டி வேறு. அவற்றின் அட்டையில் ஆயிரம் வாட், மூவாயிரம் வாட் பிஎம்பிஓ என்று அச்சடித்திருப்பார்கள். சுவரிலிருந்து எடுக்கிற கரண்டே அறுபது எழுபது வாட்தான் இருக்கும். "மூவாயிரம் வாட்டுன்னா மூணு அயர்ன் பாக்ஸ். அத்தனை சூடா வருது?" என்று வாடிக்கையாளரிடம் கேட்பார். அவர்களுக்கு அந்தக் கேள்வி பிடிக்காது. மூவாயிரம் வாட்டையே வாங்கிப் போவார்கள். கடைசியில் ஷேர் ஆட்டோக்காரர்கள்தான் அவரைக் காப்பாற்றினார்கள். பின்சீட்டுக்கு அடியில் பன்னிரண்டு இன்ச் வூஃபர் கேட்டு வருவார்கள்.

இந்தச் சப்வூஃபரை வரவேற்பறையில் வைக்கும்போது இதெல்லாம் இவன் மகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். அவள் பாதி கேட்டாள்.

முதல் சிக்கல், பழைய ஆம்ப்ளியில் சப்வூஃபருக்கென்று தனி வழி கிடையாது. இப்போதைய ரிசீவர்களில் ஒரு துளை இருக்கும், ஒரு ஒயரைச் செருகினால் முடிந்தது. பழையதற்கும் வழி உண்டு. ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் அதே முனைகளிலிருந்து இன்னொரு ஜோடி ஒயரை இழுத்துச் சப்வூஃபரின் பின்னால் கொடுக்கலாம். அது ஆம்ப்ளியிடமிருந்து கரண்ட் பெரிதாகப் பிடுங்குவதில்லை, பாட்டை மட்டும் எட்டிப் பார்த்துக்கொள்ளும். தள்ளுகிற வேலையை அதன் உள்ளே இருக்கிற ஆம்ப்ளி செய்யும். மகள் புது ஆம்ப்ளி வாங்கிவிடலாம் என்றாள். இவன் பழைய ஒயரில் அரை இன்ச் தோலை உரித்து முறுக்கிக்கொண்டிருந்தான்.

பெட்டியை முதலில் மூலையில் வைத்தார்கள். அங்கேதான் இடம் இருந்தது. பாட்டு போட்டதும் சலூன் பானை திரும்பி வந்துவிட்டது. ஒரே சுரம் மட்டும் எழுந்து நின்று முழங்கியது, மற்றவை இல்லை. அறையின் குற்றம் அது. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டருக்கு மேல். இவர்கள் வரவேற்பறை பதினாலடி. அந்த அலையில் சரியாகப் பாதி. இரண்டு சுவருக்கு நடுவே அந்தச் சுரம் மாட்டிக்கொண்டு வளரும். சில இடத்தில் நின்றால் காது அடைக்கும், நாலடி தள்ளி நின்றால் ஒன்றுமே கேட்காது.

இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. உட்காருகிற இடத்தில் சப்வூஃபரை வைத்துவிட்டு, சப்வூஃபர் வைக்கக்கூடிய இடங்களில் எல்லாம் நாம் தவழ்ந்து போய்க் கேட்பது. எங்கே எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கிறதோ அதுதான் பெட்டிக்கு இடம். சாய்வு நாற்காலியில் கருப்புப் பெட்டியை உட்காரவைத்துவிட்டு அப்பாவும் மகளும் சுவரோரமாக முட்டி போட்டுத் தவழ்ந்துகொண்டிருந்தபோது இவன் மனைவி காபியோடு வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இரண்டு டம்ளரையும் தரையில் வைத்துவிட்டுப் போனாள். டிவி ஸ்டாண்டுக்கும் இடப்பக்க ஸ்பீக்கருக்கும் நடுவில் ஓர் இடம் அகப்பட்டது.

பிறகு திருகுகள். எந்தச் சுருதிக்குக் கீழே சப்வூஃபர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு ஒன்று, எவ்வளவு சத்தம் என்பதற்கு ஒன்று. கோன் ஸ்பீக்கர்களோடு சேர்ந்து முன்னே வருகிறதா, எதிர்த்துப் பின்னே போகிறதா என்று மாற்ற ஒரு சுவிட்ச். சேர்ந்து வராவிட்டால் சப்வூஃபர் வைத்தபிறகு பேஸ் குறையும். பலபேர் அதைக் கவனிப்பதில்லை. இவன் அறுபதில் வைத்தான். அலமாரி ஸ்பீக்கர்கள் அதுவரை தாமாகவே இறங்கும். சத்தத் திருகை மகள் பாதிக்கு ஏற்றினாள். இவன் கால்வாசிக்கு இறக்கினான். இருக்கிறதா இல்லையா என்றே தெரியக்கூடாது, அணைத்தால்தான் தெரியவேண்டும் என்பது இவன் கட்சி. "அப்போ எதுக்குப்பா இவ்வளவு காசு?" என்றாள் அவள். நியாயமான கேள்விதான்.

ஆனால் அணைத்துக் காட்டியபோது அவளே "போடுங்க, போடுங்க" என்றாள். 'ராஜ பார்வை' ஓடிக்கொண்டிருந்தது. பானையும் டிரான்சிஸ்டரும் மூளையை நிரப்பிக்கொள்ளச் சொன்ன சுரங்கள் இப்போது தரை வழியாகவே வந்தன. பெரிய சத்தம்கூட வைக்கவில்லை. மெதுவாக வைத்தால் காது முதலில் கைவிடுவது கீழ்ச் சுருதிகளைத்தான். ஃப்ளெட்சரும் முன்சனும் 1933-இலேயே அளந்து எழுதிவிட்டார்கள். பழைய செட்டுகளில் 'லவுட்னெஸ்' என்று ஒரு பித்தான் இருந்தது அதற்காகத்தான். இனி இரவில் சின்னச் சத்தத்திலும் பாட்டு மெலியாது.

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். 1960-களின் பாட்டுகளில் சப்வூஃபருக்கு வேலையே இல்லை. அன்றைய பதிவில் அந்த ஆழம் கிடையாது, வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒன்று. 'காதலன்' போட்டதும் மகள் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டாள். இவன் எதிர்பாராதது கச்சேரிப் பதிவில் இருந்தது. ஒரு கட்டைச் சுருதியில் தம்புராவின் மந்தரத் தந்தி 65 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். இத்தனை வருடம் பாடகருக்குப் பின்னால் மெல்லிய ரீங்காரமாக இருந்தது, இப்போது பாடகர் உட்கார்ந்திருக்கும் ஜமக்காளமே அதுதான் என்று ஆகிவிட்டது. மிருதங்கத்தின் தொப்பிக்குக் கச்சேரிக்கு முன்னால் ரவையைப் பிசைந்து ஒட்டுகிறார்களே, அது எதற்காக என்பதும் தெளிவாகக் கேட்டது.

கீழ்வீட்டம்மா மறுநாள் மாடிப்படியில் பிடித்துக்கொண்டார். "சார், நேத்து சாயங்காலம் எங்க ஷோகேஸ் கண்ணாடி கிர்ருனுச்சு. வீட்டுக்காரர் நிலநடுக்கம்னு கீழ இறங்கப் போயிட்டாரு." குரல் சுவரோடு நின்றுவிடும், பேஸ் நிற்காது, அந்த நீளத்து அலைக்கு ஒன்பது இன்ச் சுவர் ஒரு பொருட்டில்லை. இவன் பெட்டிக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போட்டான், சத்தத் திருகை இன்னும் கொஞ்சம் இறக்கினான். இரண்டு நாளில் அவருடைய வீட்டுக்காரரே மேலே வந்து, எந்தப் பாட்டு அது என்று கேட்டு உட்கார்ந்துவிட்டார். சாய்வு நாற்காலியை அவருக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

பெரியப்பா மகனுக்கு போன் போட்டபோது அவர் மதுரையில் மதியத் தூக்கத்தில் இருந்தார். விஷயம் கேட்டதும் விழித்துக்கொண்டார்.

"எத்தனையில வெட்டியிருக்க?"

"அறுபதுண்ணே."

"எண்பதுக்கு ஏத்துடா. தவில் அங்கதான் உக்காரும்."

"ஏத்துனா யேசுதாஸ் குரல் பெட்டிக்குள்ள போயிருதுண்ணே."

"அது சத்தத்தைக் கூட வச்சிருக்க, அதனால. சீல் பெட்டியா, துளை போட்டதா?"

"சீல்."

"நல்லதுதான். ஆனா ஒண்ணு போதாது. ஒண்ணு வச்சா உன் நாற்காலிக்கு மட்டும்தான் சரியா இருக்கும். எதிர்ச் சுவத்துல இன்னொண்ணு வச்சாத்தான் ரூம் முழுக்க நிதானமா வரும். அடுத்த வாரம் டேப்பும் மெழுகுவத்தியும் எடுத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் எதையும் நகட்டாத."

ஸ்பீக்கர்போனில் கேட்டுக்கொண்டிருந்த மகள் எதிர்ச் சுவரைப் பார்த்தாள். அங்கே அவள் அம்மாவின் மணிபிளாண்ட் தொட்டிகள் வரிசையாக இருந்தன. "ரெண்டு தொட்டியை பால்கனிக்குத் தள்ளினா போதும்பா" என்றாள் தணிந்த குரலில். அடுக்களையிலிருந்து, "எந்தத் தொட்டியை?" என்று உடனே பதில் வந்தது. இவன் போனை அவளிடம் கொடுத்துவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டான். ரப்பர் விரிப்பு இன்னொன்று வாங்க வேண்டியிருந்தது.